பிரின்ஸ் ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை?

அன்புள்ள ஐயா,

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டரில் ஆடிய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வை, பழைய டாஸ் ஆட்டங்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு மறுபடி ஓடவிட்டேன். ஆள் குட்டையாக, பருத்துத் தெரிகிறான். வரும் சத்தம் அன்று கேட்ட சத்தமே இல்லை. வாள்சண்டை நடுவில் விண்டோஸ் ஏதோ கேள்வி கேட்டு உயிரை வாங்குகிறது. பன்னிரண்டு வயது மகன் நாலு தடவை குழியில் விழுந்துவிட்டு, “பட்டன் வேலை செய்யலப்பா” என்று எழுந்து போய்விட்டான். ஆட்டம் மாறிவிட்டதா, இல்லை என் ஞாபகம்தான் தப்பா?

சரவணன், திருநெல்வேலி

அன்புள்ள சரவணன்,

ஞாபகம் சரிதான். ஆட்டமும் அதேதான். சுற்றியிருந்த மானிட்டர், ஸ்பீக்கர், கீபோர்டு மூன்றும் மாறிவிட்டன. நீங்கள் சரிசெய்ய வேண்டியது அவற்றைத்தான்.

முதலில் குட்டை ஆள். ஆட்டத்தின் படம் 320-க்கு 200 புள்ளி. பழைய மானிட்டரின் திரை 4-க்கு 3. அந்தத் திரையை நிரப்ப ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைப்போல 1.2 மடங்கு உயரமாக நீண்டுகொண்டது. இன்றைய திரையில் புள்ளி சதுரம். அதனால் இளவரசன் அமுங்கிப்போகிறான். டாஸ்பாக்ஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் ‘ஆஸ்பெக்ட்’ வரியை ட்ரூ ஆக்குங்கள். ‘அவுட்புட்’ வரியில் ஓப்பன்ஜிஎல், ‘விண்டோ ரெசல்யூஷன்’ வரியில் 1280-க்கு 960. அவுட்புட்டைப் பழையபடி சர்ஃபேஸ் என்றே விட்டுவிட்டால் விண்டோ அளவு மாறாது. பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சத்தம்: டாஸ்பாக்ஸ் தன்னிடம் சவுண்ட் பிளாஸ்டர் என்ற அந்நாளைய ஒலி கார்டு இருப்பதாகக் காட்டிக்கொள்ளும், ஆட்டம் அதை நம்பி இசையை அதில் வாசிக்கும். நீங்கள் அன்று கேட்டது அநேகமாக கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே இருந்த பிசி ஸ்பீக்கரின் கீச்சுச் சத்தம். அதே ஃபைலில் சவுண்ட் பிளாஸ்டர் வகை, ஓபிஎல் மோட் என்ற இரண்டு வரிகளையும் ‘நன்’ (none) ஆக்கிவிட்டு டாஸ்பாக்ஸை மூடித் திறங்கள். கீச்சு திரும்பிவிடும். உங்கள் சென்டரில் இருந்தது ஒற்றை நிற மானிட்டர் என்றால் ‘மெஷின்’ வரியில் ஹெர்குலிஸ் என்று போடலாம். எஃப்11-ஐத் தட்டத் தட்ட வெள்ளை, பச்சை, ஆம்பர் என நிறம் மாறும்.

விண்டோஸ் கேட்கும் கேள்வி ஸ்டிக்கி கீஸ் என்ற கீபோர்டு உதவி வசதியைப் பற்றியது. ஷிஃப்ட்டை அடுத்தடுத்து ஐந்து முறை தட்டினால் அது எட்டிப்பார்க்கும். இந்த ஆட்டத்தில் வாள் வீசுவதே ஷிஃப்ட்டில்தான், வராமல் என்ன செய்யும்? செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, கீபோர்டு பகுதிக்குப் போய் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடுங்கள்.

இனி உங்கள் மகனின் புகார். அவன் சொன்னதில் பாதி உண்மை. இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் 1985-இல் தன் தம்பி டேவிட்டை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் படம் படமாகப் பார்த்து வரைந்த அசைவுகள் இவை. 1989-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்த ஆட்டம், மறுவருடம் டாஸுக்கு வந்தது. டாஸில் வினாடிக்கு 12 படம்தான். ஓர் அசைவு தொடங்கிவிட்டால் அது ஓரளவு முடிந்தபிறகே அடுத்த கட்டளை காதில் ஏறும். ஓடும்போது திரும்பச் சொன்னால் சறுக்கி நின்றுதான் திரும்புவான். இன்றைய ஆட்டங்களில் பட்டனை அழுத்திய நொடியே உடம்பு திரும்பும். அதில் பழகிய விரலுக்கு இது பழுதாகத்தான் தெரியும்.

தாவலுக்கு ஒரு வழி இருக்கிறது. ஓட ஆரம்பித்த முதல் அடியிலேயே மேல் அம்புக்குறியை அழுத்தினால் நின்ற இடத்துத் தாவல்தான் வரும், குழிதான் கதி. இரண்டு மூன்று அடி ஓடவிட்டு, விளிம்பு வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். விளிம்பு ஏறத்தாழ இரண்டு தரைக்கல் தூரத்துக்குள் வந்ததும் ஆட்டமே அடியைச் சரிக்கட்டி விளிம்பிலிருந்து தாவவைக்கும். கடைசி நொடியில் தட்டுகிறவர்கள்தான் விழுகிறார்கள்.

தெரியாத இடத்தில் ஷிஃப்ட்டோடு அம்புக்குறி. விளிம்பில் முதல் முறை காலை நீட்டிப் பார்த்துவிட்டு நிற்பான். மறுபடி அழுத்தினால் இறங்கிவிடுவான், விழுந்தபின் அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மாடி விழுந்தால் ஒன்றுமில்லை, இரண்டு மாடி என்றால் ஓர் உயிர்ப்புள்ளி போகும், மூன்று மாடி என்றால் முடிந்தது. விழும்போது ஷிஃப்ட்டைப் பிடித்திருந்தால் கைக்கு எட்டும் விளிம்பைப் பற்றிக்கொள்வான். ஈட்டிகளுக்கு நடுவே ஓடக் கூடாது, நடந்தால் குத்தாது.

ஆட்டத்தை முடிக்க மொத்தம் 60 நிமிடம். மூன்றாம் கட்டத்திலிருந்து கண்ட்ரோல்-ஜி போட்டுச் சேமிக்கலாம். ஷிஃப்ட்-எல் தட்டிக் கட்டம் தாண்டலாம் என்று யாராவது அவனுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஏமாற்று வழியைத் திறக்காமல் அப்படிச் செய்தால் நான்காம் கட்டம்வரைதான் போக முடியும், மீதி நேரமும் 15 நிமிடமாகச் சுருங்கிவிடும்.

பன்னிரண்டாம் கட்டத்து நிழல் மனிதனைப் பற்றி மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள். ஆப்பிள் 2-இன் நினைவகத்தில் புதிய எதிரிக்கான படங்களுக்கு இடமில்லாததால், இளவரசனின் படங்களையே சற்று நகர்த்தி அவற்றின்மேலேயே கலந்து உண்டாக்கிய ஆள் அவன். அவனை வெட்டினால் நமக்கும் அடி விழும். கீழ் அம்புக்குறியைத் தட்டி வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடக்க வேண்டும். பையனே கண்டுபிடிக்கட்டும்.