சயாமிலிருந்து திரும்பியவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போர் முடிந்து வீடு திரும்பும் சிப்பாய்களின் மனநிலை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் தாத்தா சிப்பாய் இல்லை. மலாயாவில், ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவரை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிழைத்து வந்து, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தார். சயாம் பற்றி வாயே திறந்ததில்லை. ஆனால் வீட்டில் யாரும் காய்ச்சாத தண்ணீர் குடிக்கக் கூடாது. பள்ளிக்கூடக் குழாயில் குடித்ததற்காக என் அப்பாவை பெல்ட்டால் விளாசியிருக்கிறார். போரையே பார்க்காத அப்பா, போன மாதம் அதே காரணத்துக்காக என் மகன்மேல் கை ஓங்கிவிட்டார். இதையும் போரின் பாதிப்பு என்று சொல்லலாமா? தாத்தாவை மனநோயாளி ஆக்குவதாகிவிடாதா?

ம., ஈசூன்

அன்புள்ள ம.,

தாராளமாகச் சொல்லலாம்.

போர்க்கைதிகளையும் தோட்டத் தொழிலாளர்களையும் வைத்து ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதையின் முகாம்களில் 1943 மழைக்காலத்தில் காலரா புகுந்தது. போர்க்கைதிகளோடு அவர்களுடைய ராணுவ மருத்துவர்களும் பிடிபட்டிருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சாமல் தொடாதே என்று அவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அப்படி எடுத்துச் சொல்ல அநேகமாக ஆளே இல்லை. கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பக்கத்தில் படுத்திருந்தவன் காலையில் பிணமாகக் கிடப்பதைப் பார்த்துத்தான் உங்கள் தாத்தா இதைக் கற்றிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் அது உயிர் காத்த புத்தி. ஆபத்து விலகி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் உடம்பு அதை நம்ப மாட்டேன் என்கிறது பாருங்கள், அங்கேதான் சிக்கல். பிள்ளை குழாயடியில் குனிந்ததும் அவருக்கு வந்தது கோபம் மாதிரி தெரிந்தாலும் அது பயம்தான். ஆனால் முதுகில் பெல்ட் விழுந்த பையனுக்கு அது எப்படித் தெரியும்?

அதிர்ச்சிக்குப் பின்னான மனஉளைச்சல் (PTSD) என்கிற இந்தப் பாதிப்பு அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றது 1980ல்தான். வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் அவர்களுக்காகப் பேசிய மருத்துவர்களும் விடாமல் போராடியதால் வந்தது அது. சயாமிலிருந்து பிரிட்டன் திரும்பிய கைதிகளை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி பல பத்தாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தது. உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் பவுண்டு கொடுப்பதாக 2000ல் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரிக் கல்லறையில், பாதையில் இறந்த பல நாட்டுப் போர்க்கைதிகளில் ஏறக்குறைய 7,000 பேர் இருக்கிறார்கள், பெரும்பாலோர் பெயரோடு.

நம் ஆட்கள்? அந்த 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த கைதிகள் சுமார் 12,000 பேர். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல் பல மடங்கு. எத்தனை பேர் என்று சரியான கணக்குக்கூட இல்லை, ஏனென்றால் எண்ணுவதற்கு யாரும் மெனக்கெடவில்லை. திரும்பி வந்தவர்கள் மறுபடி பால்வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர்க் காட்டுக்குப் போனார்கள். ராத்திரியில் அலறி எழுந்தால் மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இதுதான். பட்டதை நாலு பேர் ஒப்புக்கொண்டால் பாதி பாரம் இறங்கும். உங்கள் தாத்தாவுக்கு அது கிடைக்கவில்லை. அவர் வாய் திறக்காததற்குக் கேட்க ஆளில்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சிங்கப்பூரிலேயே பாருங்கள். 1962ல் சிக்லாப்பில் ஜப்பானியர் கொன்று புதைத்தவர்களின் எலும்புகள் கிடைத்தன. சீன சமூகம் ஒன்றுதிரண்டு நியாயம் கேட்டது. 1967ல் பீச் ரோட்டில் நினைவுச்சின்னம் எழுந்தது. அதன் நான்கு தூண்களில் ஒன்று நமக்கும் சேர்த்துத்தான். இருந்தாலும் சயாம் காட்டில் கிடப்பவர்களுக்காகக் குரல் கொடுக்க அன்று நம்மிடம் பெரிதாக ஆளில்லை.

அப்பாவுக்கு எப்படி வந்தது என்கிறீர்கள். மரபணு வழியாக இறங்குமா என்பதில் ஆராய்ச்சியாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. அடி வாங்கி வளர்ந்த பிள்ளைக்குப் பயமும் சேர்ந்தே பதிந்துவிடும் என்று புரிந்துகொள்ள ஆராய்ச்சி தேவையில்லை. அதற்காக அவர் பேரன்மேல் கை ஓங்கலாம் என்று ஆகாது. அதை மட்டும் இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். சிடுசிடுப்பு, தூக்கமின்மை இருந்தால் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள்.

அப்புறம் ஒரு நாள் அப்பாவோடு சாவகாசமாக உட்கார்ந்து கேளுங்கள். சயாம் என்று ஆரம்பிக்க வேண்டாம், தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள். பேசப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தினால் கெடுதல்தான். பேசினால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், கூடப் போய்த் திரும்பாதவர்களின் பெயர், எது கிடைத்தாலும் எழுதி வையுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவில் அந்தக் காலம் பற்றிய பேட்டிகள் இருக்கின்றன, அவற்றையும் கேட்டுப் பாருங்கள். தோட்டத்தின் பெயர் தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள். அங்கிருந்து போன வேறு குடும்பங்கள் இதைப் படிக்கிறார்களா என்று இங்கேயே கேட்கலாம்.