எதிர்வீட்டு அம்மாவோடு பேச நடுவில் ஆள் எதற்கு?

கேள்வி: கணவரின் வேலைக்காக வெளிநாட்டில் குடியேறி ஏழு மாதம் ஆகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு. எதிர்வீட்டு அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கு இந்த ஊர் மொழி தெரியாது. படிக்கட்டில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் சரளமாகப் பேச வைப்பதாக ஓர் ஆன்லைன் வகுப்பு விளம்பரம் வருகிறது. அதில் சேர்ந்து, மொழி வந்த பிறகு பழகிக்கொள்ளலாமா? அதுவரை இங்கே பல வருடங்களாக இருக்கும் நம்மவர் ஒருவர் எங்களுக்காகப் பேசித் தருகிறேன் என்கிறார்.

பதில்: எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை, என் பதில் ஒன்றுதான். ஏதாவது ஒரு வகுப்பில் சேருங்கள், அந்த விளம்பர வகுப்பு வேண்டாம். பழகுவதைத் தள்ளிப்போடாதீர்கள். பேசித் தருகிறேன் என்கிறவருக்கு ஒரு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

முதலில் அந்த மூன்று மாதக் கணக்கைப் பார்ப்போம். வாரம் மூன்று மணி என்று வைத்தால் பன்னிரண்டு வாரத்துக்கு 36 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழிப் பயிற்சி தருகிறது. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு எளிது என்று அவர்களே சொல்லும் ஸ்பானிஷுக்கு 600, 700 மணி நேரம் ஒதுக்குகிறார்கள். ஜப்பானியம், அரபு என்றால் ஏறத்தாழ 2,200 மணி. அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு, முழுநேரமாக உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு. 36 மணியில் சரளம் எங்கிருந்து வரும்? முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்டு, ஒரு வகுப்பைக்கூட உட்கார்ந்து பார்க்க விடாத இடமாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஒழுங்கான வகுப்புகளிலும் ஒரு கோளாறு உண்டு. விசாவுக்கும் குடியுரிமைக்கும் பல நாடுகள் சான்றிதழ் கேட்பதால் பாடம் முழுவதும் தேர்வை நோக்கியே ஓடுகிறது. என்னிடம் படித்த ஒருவர் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினார். லிஃப்ட் நின்றுபோன அன்று பக்கத்தில் நின்றவரிடம் “எப்போதிலிருந்து ஓடவில்லை?” என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. புகார்க் கடிதம் எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பார்! இருபது வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், பாடத்திட்டம் போடுகிறவர்கள் காதில் விழுவதில்லை.

மொழி வந்த பிறகு பழகலாம் என்ற எண்ணம் தலைகீழானது. ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 என்பது முதல் படி. அந்தப் படியின் விளக்கத்திலேயே, எதிரில் இருப்பவர் மெதுவாகத் தெளிவாகப் பேசி உதவத் தயாராக இருந்தால் எளிமையாக உரையாட முடியும் என்றுதான் இருக்கிறது. அப்படி உதவுகிற ஒருவர் வகுப்புக்கு வெளியே உங்களுக்கு யார்? எதிர்வீட்டு அம்மாதான்.

இன்னொன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பு ஒன்றில் யாருக்கு யார் நண்பரானார்கள் என்று ஆராய்ந்து 1950-இல் ஒரு புத்தகம் வந்தது. மாடிப்படிக்கும் தபால் பெட்டிக்கும் அருகில் குடியிருந்தவர்களுக்கு நண்பர்கள் அதிகம். அங்கே எல்லோரும் ஒரே மொழிக்காரர்கள்தான். ஆனாலும் அடிக்கடி எதிர்ப்படுவதில் பாதி வேலை நடந்துவிடுகிறது என்பது உங்களுக்கும் பொருந்தும். குப்பை போடுவதற்கு அந்த அம்மா எந்த நேரத்தில் இறங்குகிறாரோ, அந்த நேரத்தில் நீங்களும் இறங்குங்கள்.

சரி, அந்த நம்மவர் விஷயத்துக்கு வருவோம். பிறர் நடுவில் நின்று பேசித் தருவதால் வரும் கேடுகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பத்தின் கீழ்வீட்டுக்காரர், இரவு பதினொரு மணிக்குத் துணி துவைக்கும் இயந்திரம் ஓடுவதால் தூக்கம் கெடுகிறது என்று சொல்ல மேலே வந்திருக்கிறார். நடுவில் நின்றவர் பெரிய மனிதர்போல, “ஒன்றுமில்லை, சும்மா விசாரிக்கிறார்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். இயந்திரம் மூன்று மாதம் அதே நேரத்தில் ஓடியது. கீழ்வீட்டுக்காரர் வணக்கம் சொல்வதையே நிறுத்திவிட்டார். எதற்கு என்று இவர்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நடுவில் நிற்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. சங்கடமானதை விழுங்குவார், தன் கருத்தைச் சேர்ப்பார், நாளடைவில் சிநேகிதம் அவரோடுதான் வளரும். சிலர் வீட்டு வாடகை, பள்ளிச் சேர்க்கை என்று ஒவ்வொன்றுக்கும் கமிஷன் பார்ப்பார்கள். அவர்களுக்கு நீங்கள் மொழி கற்றுக்கொள்வதே நஷ்டம்.

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. கையெழுத்துப் போடும் காகிதம், மருத்துவர், காவல் நிலையம் ஆகிய மூன்று இடங்களுக்கும் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் வேண்டும். எதிர்வீட்டு அம்மா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரை அழைத்துப்போகாதீர்கள், உங்கள் நோய் விவரம் அவருக்கு எதற்கு? செயலியை நம்பியும் கையெழுத்துப் போடாதீர்கள். முக்கியமாக, உங்கள் பிள்ளையை நிற்க வைக்காதீர்கள். “மகனைக் கூட்டி வாருங்கள், அவன் சொல்லட்டும்” என்று கூசாமல் கேட்கும் அலுவலகங்களை நானே பார்த்திருக்கிறேன். பத்து வயதுப் பையன் அம்மாவின் கட்டியைப் பற்றி மருத்துவர் சொல்வதை மொழிபெயர்க்க வேண்டுமா? மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து தாருங்கள் என்று கேளுங்கள். இல்லை என்றால் அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டதும் பல இடங்களில் ஆள் கிடைத்துவிடுகிறார்.

மொழிபெயர்ப்புச் செயலியை மற்றதற்கெல்லாம் பயன்படுத்தலாம். ஆனால் தமிழுக்கென்று சில குழிகள் இருக்கின்றன. மாமியாரைப் பற்றி மரியாதையாக “அவர் தூங்குகிறார்” என்று அடித்தால், மறுபக்கம் யாரோ ஓர் ஆண் தூங்குவதாகப் போய்ச் சேரலாம். “என் மாமியார் தூங்குகிறார்” என்று முழுதாக அடியுங்கள். நீங்கள் என்பதும் சில மொழிகளில் நீ ஆகிவிடும். வயதானவரிடம் போன் திரையை நீட்டுவதற்கு முன் சின்ன வாக்கியமாக உடைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயரைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். நம் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான், வல்லோசையும் மெல்லோசையும் அதற்குள்ளேயே அடக்கம். இரண்டு நாள் கழித்துப் படித்தால் வேறு பெயராக வரும். அனுமதி கேட்டு, அவர் குரலிலேயே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

பலர் கூடிப் பேசும் இடத்தில் இப்போதைக்குத் தலையைக் கொடுக்க வேண்டாம். ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவில் சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி என்று பத்து மொழிகளை வைத்து 2009-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நீங்கள் வார்த்தையைத் தேடி முடிப்பதற்குள் பேச்சு மூன்று கை மாறியிருக்கும். புரியாமல் தலையாட்டுவதும் அங்கேதான் பழகுகிறது, அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போகாது.

இந்த வாரம் மூன்றே வாக்கியம் போதும்: எனக்குப் புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள், இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்? குப்பைத் தொட்டி அருகே அந்த அம்மாவைப் பார்த்ததும் கையில் இருக்கும் பையைக் காட்டி மூன்றாவதைக் கேளுங்கள். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள், தப்பாக வந்தால் அவரே திருத்துவார். மறுநாள் அதே இடத்தில் தொட்டியைக் காட்டிக் கேளுங்கள்.