கணினிக் கேள்வி-பதில்: கேட்டால் ஒரு வரி, அதற்கு மேல் வேண்டாம்

கேள்வி: அண்ணா, மொரிஷியஸில், எபேனில் ஒரு நிறுவனத்தில் ஜாவா எழுதுகிறேன். எங்கள் டெலிவரி விவரங்கள் டேட்டாபேஸிலிருந்து வருவதில்லை. இன்னொரு நிறுவனத்தின் ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தகவல் கேட்கும் வாசல்) பக்கம் பக்கமாகத் தருகிறது. அதை ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ் என்ற ஜாவா அறிக்கை லைப்ரரி வழியாக சிஎஸ்வி, அதாவது மதிப்புகளைக் கமாவால் பிரித்த ஃபைலாக்க வேண்டும். இப்போதைக்கு எல்லாப் பக்கங்களையும் ஒரு அரேலிஸ்டில் (மெமரியில் இருக்கும் பட்டியல்) கொட்டி, பீன் கலெக்‌ஷன் டேட்டா சோர்ஸாக, அதாவது ரிப்போர்ட்டுக்கு வரிகளை ஊட்டும் ஆப்ஜெக்டாகக் கொடுக்கிறேன். மாதக் கடைசியில் மெமரி போதாமல் விழுந்துவிடுகிறது. சொந்தமாக டேட்டா சோர்ஸ் எழுதச் சொல்கிறார்கள். எப்படி ஆரம்பிப்பது?
— வாசகி, ரோஸ் ஹில்

பதில்: பயப்பட ஒன்றுமில்லை, தங்கச்சி. டேட்டா எங்கிருந்து வருகிறது என்பதில் ஜாஸ்பருக்கு அக்கறையே கிடையாது. ஜேஆர்டேட்டாசோர்ஸ் என்ற இன்டர்ஃபேஸில் இருப்பது இரண்டே மெத்தட். ஒன்று நெக்ஸ்ட்: அடுத்த வரி இருந்தால் அதற்கு நகர்ந்து ட்ரூ சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஃபால்ஸ். இன்னொன்று கெட்ஃபீல்ட்வேல்யூ: இப்போது நிற்கிற வரியில் கேட்ட ஃபீல்டின் மதிப்பைக் கொடுக்க வேண்டும். காவடி முடிந்து கோயில் பந்தியில் ஏழு கறி பரிமாறுகிறவர் மாதிரி. இலையில் கேட்டதை வைத்துவிட்டு நகர்ந்தால் போதும், அண்டாவையே தூக்கிவந்து இலையில் கவிழ்க்க வேண்டியதில்லை. நீங்கள் அரேலிஸ்டில் செய்வது இரண்டாவது வேலை.

உங்கள் கிளாஸுக்குள் மூன்று விஷயங்களை வைத்துக்கொள்ளுங்கள்: கையில் இருக்கும் ஒரு பக்கம், அதில் எத்தனையாவது வரியில் நிற்கிறோம் என்ற எண், அடுத்த பக்கத்துக்கான கர்சர் (அடுத்த பக்கத்தைக் கேட்க ஏபிஐ தரும் அடையாளம்). அந்த எண் கழித்தல் ஒன்றில் தொடங்க வேண்டும், ஏனென்றால் முதல் வரியைப் பார்க்கும் முன்பே ஜாஸ்பர் நெக்ஸ்ட் கூப்பிடும். பூஜ்யத்தில் தொடங்கினால் முதல் டெலிவரி காணாமல் போகும். ஆயிரக்கணக்கான வரிகளில் ஒன்று குறைந்தால் யார் கண்ணில் படும்?

நெக்ஸ்டுக்குள் நடப்பது இதுதான். எண்ணை ஒன்று கூட்டு. பக்கத்தின் முடிவுக்கு வந்துவிட்டால் கர்சரைக் கொடுத்து அடுத்த பக்கத்தை வாங்கி, எண்ணைப் பூஜ்யமாக்கு. கர்சரே இல்லையென்றால் ஃபால்ஸ். இங்கே பலரும் இஃப் போட்டு எழுதுவார்கள். நீங்கள் வைல் போடுங்கள், ஒருமுறையோடு விடாமல் திரும்பத் திரும்பப் பார்க்கட்டும். சில ஏபிஐக்கள் பக்கம் பிரித்த பிறகுதான் ரத்தான டெலிவரிகளை வடிகட்டும். அதனால் நடுவில் ஒரு பக்கம் காலியாக வரலாம், அதற்கு அப்புறம் இன்னும் பக்கங்கள் இருக்கலாம். காலிப் பக்கத்தைக் கண்டதும் முடிந்துவிட்டது என்று ஃபால்ஸ் சொன்னால் ஃபைல் பாதியில் நின்றுவிடும். எரர் எதுவும் வராது, லாகிலும் ஒன்றும் இருக்காது. நெட்வொர்க் அறுந்தாலும் இதே கதைதான். எக்ஸெப்ஷனை (ஜாவா எழுப்பும் பிழையை) பிடித்து ஃபால்ஸ் திருப்பாதீர்கள், ஜேஆர்எக்ஸெப்ஷனாக எறியுங்கள். அரைகுறை ஃபைல் கணக்குப் பிரிவுக்குப் போவதைவிட ஃபைலே வராமல் இருப்பது எவ்வளவோ மேல்.

கெட்ஃபீல்ட்வேல்யூவில், வந்த ஃபீல்டின் பெயரைப் பார்த்து ஒரு ஸ்விட்ச் போதும். டெம்ப்ளேட்டில் (ரிப்போர்ட்டின் வடிவமைப்பு ஃபைலில்) அறிவித்த ஒவ்வொரு ஃபீல்டுக்கும், அதை அச்சிட்டாலும் சரி, அச்சிடாவிட்டாலும் சரி, வரிக்கு வரி ஜாஸ்பர் இதைக் கூப்பிடும். ஆகவே இதற்குள்ளே இன்னொரு ஏபிஐ அழைப்பை ஒளித்து வைக்காதீர்கள். தெரியாத பெயர் வந்தால் நல் (null) என்ற வெற்று மதிப்பைத் திருப்பும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. டெம்ப்ளேட்டில் யாரோ ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தால் அந்த நெடுவரிசை முழுக்க வெறுமையாகப் போகும். அங்கேயும் எக்ஸெப்ஷன்தான் சரி. ரூபாய்த் தொகையை பிக்டெசிமல் என்ற எண் வகையாகவே கொடுங்கள், தேதியைத் தேதியாகவே கொடுங்கள். அழகாக இருக்கட்டுமே என்று இங்கேயே ஸ்டிரிங் ஆக்கினால் என்ன வம்பு வரும் என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

அப்புறம், இந்த டேட்டா சோர்ஸ் ஒருமுறை ஓடித் தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதே ஆப்ஜெக்டை இரண்டாம் முறை கொடுத்தால் முதல் நெக்ஸ்டே ஃபால்ஸ் சொல்லும், ரிப்போர்ட்டில் ஒரு பக்கம்கூட இருக்காது. ஒவ்வொரு முறையும் புதிதாக நியூ போடுங்கள்.

இவ்வளவும் செய்தால் மெமரிப் பிரச்சினை தீருமா? முழுதாகத் தீராது. உங்கள் லிஸ்ட் ஒழியும். ஆனால் ஜாஸ்பர் எல்லா வரிகளையும் நிரப்பி ஜாஸ்பர்பிரின்ட் என்ற ஆப்ஜெக்டாக மெமரியில் வைத்துக்கொண்டுதான் ஃபைலை எழுதும் எக்ஸ்போர்ட்டரிடம் கொடுக்கும். அதை டிஸ்க்குக்குத் தள்ள ஜேஆர்ஸ்வாப்ஃபைல்விர்ச்சுவலைசர் இருக்கிறது. அதே ரிப்போர்ட் பிடிஎஃப் ஆகவும் வேண்டுமென்றால் அந்த வழியில் போங்கள். சிஎஸ்வி மட்டும்தான் வேண்டுமென்றால் ஜாஸ்பரையே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. நான் சொன்ன பக்கம், எண், கர்சர் மூன்றையும் வைத்து கேட்கக் கேட்க ஒவ்வொரு வரியாகத் தரும் ஒரு இட்டரேட்டர் எழுதி, அப்பாச்சி காமன்ஸ் சிஎஸ்வி லைப்ரரியின் சிஎஸ்விபிரின்டரிடம் வரி வரியாகக் கொடுத்தால், எந்த நேரத்திலும் ஒரு பக்கம்தான் மெமரியில் இருக்கும். உங்கள் மேலாளர் ஜாஸ்பர் டெம்ப்ளேட்டுக்கு ஆசைப்படுகிறாரா, மாதக் கடைசியில் நிம்மதியாகத் தூங்க ஆசைப்படுகிறாரா என்று கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: நாங்கள் எக்ஸ்போர்ட் செய்த சிஎஸ்வி என் கணினியில் நன்றாகத் திறக்கிறது. கணக்கர் திறந்தால் எல்லாம் ஒரே நெடுவரிசையில் குவிகிறது. ஊர்ப் பெயர்களும் கோணல்மாணலாக வருகின்றன. ஃபைலில் கோளாறா, எக்செலில் கோளாறா?
— வாசகர், காத்ர் போர்ன்

பதில்: இரண்டிலும் இல்லை, உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது! உங்கள் விண்டோஸ் ஆங்கில அமைப்பில் இருக்கும், கணக்கருடையது பிரெஞ்சில் இருக்கும். மொரிஷியஸில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இது சகஜம். பிரெஞ்சு அமைப்பில் கமா என்பது தசமப் புள்ளி. அதனால் எக்செல் அங்கே நெடுவரிசைகளைப் பிரிக்க அரைப்புள்ளியைத்தான் எதிர்பார்க்கும். 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற சிஎஸ்வி வரையறை ஆவணம் என்னவோ கமா என்றுதான் சொல்கிறது. கணக்கர் அதைப் படிக்கப்போவதில்லை.

ரெதுய் என்ற ஊர்ப் பெயரை பிரெஞ்சில் எழுதினால் இரண்டாவது எழுத்தின் மேல் ஒரு கோடு வருமே, அது யூடிஎஃப்-8 என்ற எழுத்து என்கோடிங்கில் இரண்டு பைட். எக்செல் அதைப் பழைய விண்டோஸ் என்கோடிங் என்று நினைத்துப் படித்தால், அலைக்குறி போட்ட பெரிய ஏ ஒன்றும் பக்கத்தில் காப்புரிமைக் குறியும் வந்து உட்காரும். ஃபைலின் தலையில் இது யூடிஎஃப்-8 என்று காட்டும் பிஓஎம் என்ற மூன்று பைட்டைச் சேர்த்தால் எக்செல் புரிந்துகொள்ளும். ஜாஸ்பரின் சிஎஸ்வி கான்ஃபிகரேஷனில் பிரிப்புக்குறியை அரைப்புள்ளியாக்க ஓர் அமைப்பு, பிஓஎம் எழுத ஓர் அமைப்பு, இரண்டும் இருக்கின்றன. வேறொரு நிரல் படிக்கிற ஃபைலுக்குக் கமாவும் புள்ளியும் வைத்து, பிஓஎம் இல்லாமல் தனியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஒரே ஃபைலால் இரண்டு பேரையும் திருப்திப்படுத்தப் பார்க்காதீர்கள்.

தொகைகளில் மட்டும் கவனம். எண்ணை எழுத்தாக்குவது எக்ஸ்போர்ட்டர் இல்லை. ரிப்போர்ட்டை நிரப்பும்போதே லோகேல் (மொழி, நாடு அமைப்பு) பார்த்து அது முடிந்துவிடும். அதனால் பிரெஞ்சுக்கு ஒருமுறை, ஆங்கிலத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். புதிய ஜாவா பதிப்புகள் பிரெஞ்சு லோகேலில் ஆயிரத்தைப் பிரிக்க ஒரு குறுகிய, உடையாத வெற்றிடத்தைப் போடும். கண்ணுக்குச் சாதாரண இடைவெளிதான். ஆனால் எக்செல் அதை எண் என்று ஏற்காமல் எழுத்தாக வைத்துக்கொண்டால் கூட்டல் பூஜ்யம் காட்டும். சிஎஸ்விக்குப் போகும் தொகையில் ஆயிரம் பிரிப்பே இல்லாத பேட்டர்னைப் போடுங்கள்.

+230 என்று ஆரம்பிக்கும் தொலைபேசி எண்களையும் பாருங்கள். எக்செல் வெறும் எண் என்று நினைத்துக் கூட்டல் குறியைத் தின்றுவிடும். முகவரி விஷயத்தில், எந்த ஊரில் பார்த்தாலும் ராயல் ரோடு, கமா, ஊர்ப் பெயர் என்றுதானே எழுதுகிறோம். லைப்ரரி அதற்கு மேற்கோள்குறி போட்டுக் காப்பாற்றிவிடும். ஸ்டிரிங்கைக் கூட்டிக் கூட்டிக் கையால் எழுதுகிறவர்களுக்குத்தான் முகவரி இரண்டு கட்டமாக உடையும்.

கேள்வி: ஜாஸ்பர் தரும் சிஎஸ்வியில் நடுநடுவே காலி நெடுவரிசைகள் வருகின்றன. தலைப்பு வரியும் திரும்பத் திரும்ப வருகிறது. டேட்டா சோர்ஸில் தவறா?
— மாணவர், மோக்கா

பதில்: டேட்டா சோர்ஸைத் தொடாதீர்கள், டெம்ப்ளேட்டைப் பாருங்கள். ஜேஆர்சிஎஸ்விஎக்ஸ்போர்ட்டர் பெட்டிகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று பார்த்து நெடுவரிசைகளை முடிவு செய்யும். தலைப்புப் பெட்டியும் கீழே உள்ள டேட்டா பெட்டியும் ஒரு பிக்சல் விலகி இருந்தாலும் ஒரு நெடுவரிசை கூடிவிடும். இடப்பக்க அளவும் அகலமும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். தலைப்பு திரும்ப வருவது பக்கம் பிரிப்பதால். இக்னோர் பேஜினேஷனை ட்ரூ ஆக்கினால் போய்விடும்.

இடத்தை நம்பவே பிடிக்கவில்லை என்றால் ஜேஆர்சிஎஸ்விமெட்டாடேட்டாஎக்ஸ்போர்ட்டர் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் நெடுவரிசைப் பெயரை ஒரு ப்ராப்பர்ட்டியாகக் கொடுத்துவிடலாம், வரிசையையும் நீங்களே சொல்லலாம். எது முன்னால், எது பின்னால் என்பது சின்ன விஷயமில்லை. 1998-இல் வந்த ரூபாய் நோட்டுகளில் தமிழை இந்திக்குப் பின்னால் போட்டதற்கு இந்தத் தீவில் எவ்வளவு ரகளை, கடைசியில் நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உங்கள் ஃபைலை வாங்கும் நிரல் மூன்றாவது நெடுவரிசைதான் தொகை என்று எண்ணிப் படிக்கிறதா, தலைப்பின் பெயரைப் பார்த்துப் படிக்கிறதா என்று எழுதியவரிடம் கேட்டுவிட்டு, அப்புறம் டெம்ப்ளேட்டில் பெட்டிகளை நகர்த்துங்கள்.