கீழே யாரும் இல்லாத தலைமை

கேள்வி: பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றில் சமூக மருத்துவத் துறையில் வேலை பார்க்கிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பது பற்றித்தான் இத்தனை வருடமும் என் ஆராய்ச்சி. இப்போது எங்கள் புற்றுநோய் மையத்தின் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு ஆராய்ச்சித் திட்டத்துக்குத் தலைமை ஏற்கச் சொல்லி டீன் கேட்கிறார். புகையிலை, உளவியல், செவிலியம், கதிரியக்கம், புள்ளியியல் என்று பல துறைக்காரர்கள் இதில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் அவரவர் துறைத் தலைவர்தான் மேலதிகாரி. நான் சொன்னால் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆய்வகத்தில் மரபணு, மருந்து என்று வேலை செய்பவர்கள் எங்களை ‘சர்வே எடுக்கிறவங்க’ என்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் என் சொந்த ஆராய்ச்சி போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. ஒத்துக்கொள்ளலாமா? ஒத்துக்கொண்டால் எங்கிருந்து தொடங்குவது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் சில நிபந்தனைகளோடு. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். இதே மாதிரி ஒரு பொறுப்பில் நானும் பல வருடம் இருந்திருக்கிறேன். அதனால் இந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் எனக்குப் புரிகிறது.

முதலில் அந்த ‘சர்வே’ பேச்சு. அது உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. 1950-ல் பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களையும் வேறு நோய்களுக்காக மருத்துவமனையில் இருந்தவர்களையும் புகைப்பழக்கம் பற்றி விசாரிக்க வைத்தார்கள். அடுத்த வருடம் பிரிட்டன் டாக்டர்களுக்குத் தபாலில் ஒரு சின்னக் கேள்வித்தாள் போனது. பதில் அனுப்பியவர்களில் 34,439 ஆண் டாக்டர்களை 50 வருடம் விடாமல் கவனித்து வந்தார்கள். 2004-ல் வெளியான அதன் முடிவு என்ன சொன்னது தெரியுமா? 30 வயதில் புகையை விட்டவருக்கு, விடாமல் புகைப்பவரைவிட ஏறக்குறைய 10 வருடம் ஆயுள் கூடுதல். 40-ல் விட்டால் 9, 50-ல் விட்டால் 6, 60-ல் விட்டால்கூட 3. இதைவிட அதிகமாக உயிர் காத்த மருந்து எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. உங்கள் குழு செய்வது இந்த வரிசையில் வருகிற வேலை. ஆய்வகத்துக்காரர்களோடு இதை வைத்து வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். உங்களுக்குள் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது போகட்டும் என்றுதான் சொல்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விதான் முக்கியம். புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் உறுப்பினர் பட்டியலை எடுத்து, யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று பார்த்து, அதற்கெல்லாம் பொருந்துகிற மாதிரி மூன்று நான்கு ‘கருப்பொருள்’களை எழுதிவிடுவார்கள். ஆவணத்தில் அழகாக இருக்கும். ஆனால் அதனால் யாருடைய வேலையும் மாறாது. நான் சொல்வது வேறு. உங்கள் மருத்துவமனையை நம்பியிருக்கிற மக்கள் யார் என்று முதலில் வரையறுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பகுதி, எத்தனை பேர், அவர்களுக்கு எந்தப் புற்றுநோய் அதிகம் வருகிறது, எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறார்கள், எதனால் சாகிறார்கள்? மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு, அதாவது ஒரு பகுதியில் புற்றுநோய் வந்த எல்லோரையும் குறித்துவைக்கிற பதிவேடு, இருந்தால் அதிலிருந்து எடுங்கள். மருத்துவமனைப் பதிவேடு மட்டும்தான் இருக்கிறது என்றால், வாசல் ஏறி வந்தவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம் ஒரே ஒரு புற்றுநோயை எடுத்துக்கொண்டு, தடுப்பூசியிலிருந்தோ அழைப்புக் கடிதத்திலிருந்தோ தொடங்கி, சிகிச்சை முடிகிற நாள் வரைக்கும் ஒரு மனிதர் நடக்க வேண்டிய வழி முழுவதையும் பின்தொடர்ந்து பாருங்கள். எந்த இடத்தில் எத்தனை பேர் விடுபட்டுப் போகிறார்கள்? உங்கள் திட்டத்தின் ஆராய்ச்சிக் கேள்விகள் அந்த இடங்களில்தான் இருக்கின்றன.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். இது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் புற்றுநோயை உண்டாக்குகிற ஹெச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசி 2006-லேயே வந்துவிட்டது. 2030-க்குள் எட்ட வேண்டிய இலக்காக உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வைத்த எண்கள் 90, 70, 90. அதாவது 15 வயதுக்குள் 90 சதவீதப் பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி, 35 வயதுக்குள் ஒரு முறையும் 45-க்குள் இன்னொரு முறையும் 70 சதவீதப் பெண்களுக்குத் தரமான பரிசோதனை, நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. கூட்டங்களில் முதல் இரண்டு எண்களைப் பற்றியே பேச்சு ஓடும். மூன்றாவது எண்தான் உயிரைக் காப்பாற்றுவது. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007-ல் முடிவு வெளியான ஆய்வை நினைத்துப் பாருங்கள். அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்துச் சொல்கிற எளிய பரிசோதனைதான். செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். அந்தப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. பரிசோதனையோடு நிற்காமல், பாசிட்டிவ் வந்த பெண்ணுக்கு அடுத்த கட்டமும் சிகிச்சையும் கிடைக்க வழி செய்திருந்தார்கள் என்பதை நான் அதன் உயிர்நாடியாகப் பார்க்கிறேன்.

இந்த விடுபடுதல் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், பாசிட்டிவ் வந்த பெண்களை மறுபடி வரச் சொல்லிப் போன் செய்கிற செவிலியரின் பக்கத்தில் ஒரு காலைப்பொழுது உட்காருங்கள். அவர் கையில் ஒரு நோட்டு இருக்கும். பெயர், தேதி, ‘என்ன சொன்னார்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? ‘எண் உபயோகத்தில் இல்லை.’ ‘கணவர் எடுத்தார், என்ன ஏது என்று அவரிடம் சொல்லவில்லை.’ ‘பெண்ணுக்குப் பரீட்சை முடியட்டும் என்கிறார்.’ ‘ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போகுமாம்.’ ‘எனக்கு ஒன்றும் இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறேன் என்கிறார்.’ இதில் ஒவ்வொரு வரியும் ஒரு ஆய்வு. எண் மாறிப்போகிறது என்றால் பதிவு செய்யும்போதே இரண்டாவது எண் வாங்கினால் என்ன ஆகும்? பரிசோதனை செய்த நாளிலேயே சிகிச்சையும் கொடுத்துவிட்டால் எத்தனை பேர் விடுபடாமல் இருப்பார்கள்? ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்பவரிடம் எந்த வார்த்தையில் பேசுவது? உங்கள் உளவியல் ஆளும் செவிலிய ஆளும் புள்ளியியல் ஆளும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய காரணம் அந்த நோட்டில் இருக்கிறது. உங்கள் குழுவில் ஒவ்வொருவரையும் ஒருமுறை அங்கே கூட்டிப்போங்கள்.

நியூயார்க்கின் ஹார்லெமில் டாக்டர் ஹரால்ட் ஃப்ரீமன் 1990-ல் தொடங்கியதும் இந்தக் கேள்வியில்தான். மார்பகப் புற்றுநோய் முற்றிய பிறகே பெண்கள் வருகிறார்கள் என்று பார்த்த அவர், சந்தேகம் எழுந்த நாளிலிருந்து சிகிச்சை முடியும் வரை கூடவே வந்து வழிகாட்ட ஒரு ஆளைப் போட்டார். செலவு குறைந்த, சிலருக்கு இலவசமான பரிசோதனையையும் சேர்த்தார். அவருடைய மருத்துவமனைக்கு வந்த மார்பகப் புற்றுநோய் நோயாளிகளில் ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் முன்பு 39 சதவீதம், பின்பு 70 சதவீதம்.

சரி, உங்கள் பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். உண்மைதான். இந்தப் பொறுப்பில் உத்தரவு போட்டு எதுவும் நடக்காது. உங்கள் கூட்டத்துக்கு வராமல் இருந்தால் தனக்கு நஷ்டம் என்று அவர்கள் நினைக்கும்படி செய்வது ஒன்றுதான் வழி. ஆளுக்குப் பத்து நிமிடம் ‘நான் என்ன செய்தேன்’ என்று சொல்கிற கூட்டத்தை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாக, நிதி கேட்டு யாராவது எழுதிக்கொண்டிருக்கும் விண்ணப்பத்தின் நோக்கங்கள் பக்கத்தை மட்டும், அரைகுறையாக இருக்கும்போதே கொண்டுவரச் சொல்லி எல்லோரும் படியுங்கள். முதலில் உங்களுடையதை வையுங்கள். இரக்கமில்லாமல் திருத்தட்டும். அப்புறம் இளையவர்கள் தாங்களாகவே கொண்டுவருவார்கள். புள்ளியியல் வல்லுநர் அந்த முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். டேட்டா எல்லாம் வந்த பிறகு அவரிடம் போனால், எத்தனை பேரைச் சேர்த்திருக்க வேண்டும் என்று வருத்தத்தோடு சொல்வதைத் தவிர அவரால் செய்ய முடிவது குறைவு.

உங்கள் கையில் ஏதாவது சிறு நிதி இருந்தால், இரண்டு துறைக்காரர்கள் சேர்ந்து கேட்டால்தான் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலிந்து சேர்க்க வேண்டாம், இயல்பாகச் சேர்கிற இடங்கள் நிறைய இருக்கின்றன. 2011-ல் முடிவு வெளியான அமெரிக்காவின் தேசிய நுரையீரல் பரிசோதனை ஆய்வில் 53,454 பேர் இருந்தார்கள். மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களைவிடக் குறைந்த கதிர் சி.டி. ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைவு. சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அப்போதும் புகைத்துக்கொண்டிருந்தவர்கள். ஸ்கேனுக்கு வந்து, பயத்தோடு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற அந்த ஆளிடம் புகையை விடுவது பற்றிப் பேச அதைவிட நல்ல நேரம் எது? உங்கள் கதிரியக்க ஆளும் புகையிலை ஆளும் ஒரே மனிதரைத்தான் பார்க்கிறார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

கட்டுப்பாடு என்றால் நோய் வருவதற்கு முன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சிகிச்சையில் இருப்பவர்களும் உங்கள் பொறுப்புதான். ஈத்தன் பாஷ் குழுவினர் 766 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வந்தது. கீமோ எடுக்கும் நோயாளிகள் வலி, வாந்தி, மூச்சுத்திணறல் போன்றவற்றைக் கம்ப்யூட்டர் வழியாகத் தாங்களே பதிவு செய்ய, மோசமானால் செவிலியருக்குத் தகவல் போகும். இவ்வளவுதான் ஏற்பாடு. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம், 26 மாதம், இவர்களுக்கு 31.2 மாதம். இதுபோன்ற ஆய்வைத் தொடங்க உங்கள் செவிலியத் துறைக்கு இடம் கொடுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் நீங்கள் கறாராக இருக்க வேண்டும். நிர்வாகத்துக்குப் பரிசோதனை முகாம் என்றால் பிடிக்கும். படம் வரும், பெயர் வரும், நோயாளிகள் வருவார்கள். ‘எல்லா உறுப்புக்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ் போடலாமே’ என்பார்கள். தென் கொரியாவில் நடந்ததை அவர்களுக்குச் சொல்லுங்கள். அங்கே மற்ற பரிசோதனைகளோடு சேர்த்துக் கழுத்துக்கும் ஒரு அல்ட்ராசவுண்ட் என்று பரவலாகப் போனது. 2011-ல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்கு. இறப்பு விகிதமோ மாறவே இல்லை. வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் தந்திருக்காத கட்டிக்காக எத்தனையோ பேர் தைராய்டை இழந்து, தினமும் மாத்திரை சாப்பிடும் நிலைக்கு வந்தார்கள். 2014-ல் அந்நாட்டு டாக்டர்கள் சிலரே வெளிப்படையாக எச்சரித்த பிறகுதான் அறுவை சிகிச்சைகள் குறைந்தன. பரிசோதனை என்பது நோயில்லாதவரைத் தேடிப் போய்த் தொடுவது. பலன் உண்டு என்று நிரூபணம் இல்லாதபோது வேண்டாம் என்று சொல்கிற ஒரே குரல் அந்த அறையில் உங்களுடையதாக இருக்கலாம். சொல்லத்தான் வேண்டும்.

உங்கள் சொந்த ஆராய்ச்சி பற்றி. போகாது, ஆனால் சுருங்கும். ஒரே ஒரு ஆய்வை உங்கள் கையில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை முழு உரிமையோடு இளையவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, கடைசிப் பெயர் யாருடையது என்பதை ஆய்வு தொடங்கும்போதே எழுத்தில் போட்டுவிடுங்கள். பின்னால் வருகிற மனக்கசப்பில் பாதி இதில்தான். களத்தில் செய்கிற ஆய்வுக்கு வருடக்கணக்காகும், அதுவரை கட்டுரை வராது, அந்த இளையவரின் பதவி உயர்வை முடிவு செய்வதோ இன்னொரு துறையில் இருக்கிற தலைவர். வருடம் ஒருமுறை அந்தத் தலைவருக்கு, இவர் என்ன செய்தார், அது ஏன் கடினமான வேலை என்று விவரமாக ஒரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் செய்கிற வேலைகளிலேயே கண்ணுக்குத் தெரியாததும் மிகவும் பயன்படுவதும் இதுதான் என்பேன்.

இனி நிபந்தனைகள். வாய்வார்த்தையில் விடாமல் டீனிடம் எழுத்தில் வாங்குங்கள். இந்த வேலைக்கென்று வாரத்தில் குறிப்பிட்ட நேரம், அதற்கு ஈடாக வகுப்போ ஓ.பி.யோ குறைய வேண்டும். புதிய ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் கருத்தையும் கேட்க வேண்டும். ஆய்வுக் கேள்வியை முடிவு செய்வதற்கு முன்பே நோயிலிருந்து மீண்டவர்களையும் அந்தப் பகுதி மக்களையும் கலந்து பேச, அவர்கள் வந்து போகிற செலவுக்கும் நேரத்துக்கும் பணம் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒரு புள்ளியியல் வல்லுநருக்கும், நோயாளிகளைத் தொடர்ந்து கூப்பிடுகிற ஒருங்கிணைப்பாளர்களுக்கும் குறைந்தது மூன்று வருடச் சம்பளம் மையத்தின் கணக்கிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு நிதியும் முடியும்போது அவர்களுடைய வேலையும் முடிந்துபோவதுதான் பல இடங்களில் நடக்கிறது. மக்களுக்குப் பழகிய குரல் போனால் அடுத்த ஆய்வைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மற்றவற்றில் விட்டுக்கொடுக்கலாம். இந்தக் கடைசிக் கோரிக்கைக்குப் பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.