வாசகர் கேள்வி–பதில்: பழைய லென்ஸும் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரும்

கேள்வி: 1960களில் செய்யப்பட்ட 50 மி.மீ. ஜூபிட்டர்-8 லென்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஃபிலிம் கேமராவில் குறை சொல்ல முடியாத படங்களைத் தந்த அதே லென்ஸை டிஜிட்டல் லைக்கா எம் கேமராவில் பொருத்தி, ஒளி நுழையும் துளையை எஃப் 2 அளவுக்கு அகலத் திறந்து ஒருவரின் முகத்தை அருகிலிருந்து எடுத்தால், கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தும் காதுதான் தெளிவாக விழுகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?

பதில்: கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா லென்ஸின் வழியே பார்த்து ஃபோகஸ் செய்வதில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். லென்ஸின் பின்புறத்து வளையம் கேமராவுக்குள் இருக்கும் சிறு உருளையைத் தள்ளுகிறது. அந்த உருளை எவ்வளவு நகர்கிறதோ அதற்கேற்ப வ்யூஃபைண்டரின் நடுவே தெரியும் இரட்டை உருவம் ஒன்றுசேர்கிறது. ஆகவே, லென்ஸைச் செய்தவரும் கேமராவைச் செய்தவரும் ஒரே அளவுகோலைக் கையாண்டிருந்தால்தான் நாம் கண்டதும் சென்சாரில் விழுவதும் ஒன்றாக இருக்கும்.

உங்கள் லென்ஸின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர், 50 மி.மீ. என்று பெயரிடப்பட்ட லென்ஸின் உண்மையான குவியத் தொலைவு 51.6 மி.மீ. என்று கொண்டு கணக்கிடுகிறது. ஜூபிட்டர்-8 லென்ஸோ, லுட்விக் பெர்டெலே கான்டாக்ஸ் கேமராவுக்காக 1930களில் வடிவமைத்த ஸோனார் லென்ஸின் வழிவந்தது. கான்டாக்ஸ் அளவுகோலின்படி அது 52.4 மி.மீ. முடிவிலித் தொலைவில் இந்த வேறுபாட்டால் கேடில்லை. ஆனால் 1 மீட்டரில் கணக்கிட்டுப் பார்த்தால், லென்ஸ் முன்னே வந்திருக்க வேண்டிய இடத்துக்கு ஏறத்தாழ 0.1 மி.மீ. பின்தங்கி நிற்கிறது. படமெடுக்கப்படுபவரின் பக்கம் அது சுமார் 3 சென்டிமீட்டராகப் பெருகுவதால், கூர்மை கண்ணுக்குப் பின்னால் போய் விழுகிறது.

ஃபிலிமில் இது தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. ஃபிலிமின் ரசாயனப் படலத்துக்குத் தடிமன் இருந்தது, ஃபிலிம் முற்றிலும் தட்டையாகவும் நின்றதில்லை, அச்சிட்ட படமும் பெரும்பாலும் சிறியதாகவே இருந்தது. சென்சார் வளைந்துகொடுப்பதில்லை, நாமும் திரையில் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி இமை மயிரைத் தேடுகிறோம்.

முதலில் குற்றம் கேமராவுடையதா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நம்பகமான நவீன எம் லென்ஸ் ஒன்றை மாட்டி அதே தொலைவில் எடுத்துப் பாருங்கள். அதுவும் பிசகினால் சரிசெய்ய வேண்டியது கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டரைத்தான். 2012இல் அறிவிக்கப்பட்ட எம் (டைப் 240) கேமராவோ அதன் பின் வந்த, லைவ் வ்யூ (லென்ஸ் வழியே தெரிவதைப் பின்திரையில் நேரடியாகக் காட்டும்) வசதியுள்ளதோ உங்களிடம் இருந்தால் சோதனை இன்னும் எளிது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, ரேஞ்ச்ஃபைண்டரில் ஒரு முறையும் பின்திரையில் ஒரு முறையும் ஃபோகஸ் செய்து, லென்ஸின் தொலைவு அளவுகோல் இரு முறையும் எங்கே நிற்கிறது என்று ஒப்பிட்டால் போதும்.

பழுது லென்ஸின் பக்கம் என்று உறுதியானால், கண்ணாடித் தொகுதிக்கும் ஃபோகஸ் மவுண்டுக்கும் இடையே உள்ள மெல்லிய ஷிம் வளையத்தின் தடிமனை மாற்றி, அருகிலுள்ள ஒரு தொலைவுக்குப் பொருத்திவிடலாம். ஒரு தொலைவுக்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன். 1 மீட்டரில் சரிசெய்தால், துளை முழுதாகத் திறந்திருக்கும்போது தொலைவுக் காட்சிகள் மங்கும். எஃப் 5.6 அல்லது எஃப் 8க்கு மூடினால் அந்தப் பிழை குவிய ஆழத்துக்குள், அதாவது கூர்மையாகத் தெரியும் தொலைவு எல்லைக்குள், மறைந்துவிடும். முகங்களை எஃப் 2லும் நிலக்காட்சிகளை எஃப் 8லும் எடுப்பவருக்கு இது நல்ல உடன்பாடு. ஸோனார் வகை லென்ஸ்களில் துளையை மூட மூட ஃபோகஸ் சற்றே பின்னால் நகரும் இயல்பும் உண்டு. அதனால் எந்தத் துளை அளவில் அதிகம் எடுக்கிறீர்களோ அந்த அளவில் சோதித்த பிறகே ஷிம்மில் கைவைக்கச் சொல்லுங்கள். ஷிம் மாற்றமே வேண்டாம் என்றால், ஃபோகஸ் செய்த பின் உடலை ஓரிரு சென்டிமீட்டர் பின்னுக்குச் சாய்க்கப் பழகிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை.

கேள்வி: கேமராவில் திருகி மாட்டும் பழைய திருகு மவுண்ட் லென்ஸை லைக்காவின் எம் மவுண்டில் பொருத்தும் அடாப்டர்களில் விலை வேறுபாடு மலைக்க வைக்கிறது. ஒரு வளையத்தில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: தடிமன் இருக்கிறது. திருகு மவுண்டுக்கு லென்ஸ் அமரும் தளத்திலிருந்து ஃபிலிம் தளம் வரை 28.8 மி.மீ.; 1954இல் எம்3 கேமராவுடன் வந்த எம் மவுண்டுக்கு 27.8 மி.மீ. இந்த 1 மி.மீ. இடைவெளியை நிரப்புவதுதான் அடாப்டரின் வேலை என்பதால், அது சீராக 1 மி.மீ. இல்லாவிட்டால் முந்தைய பதிலில் சொன்ன தொல்லைகள் அனைத்தும் நல்ல லென்ஸிலும் தோன்றும். அடாப்டரின் விளிம்பே வ்யூஃபைண்டரில் படத்தின் எல்லையைக் காட்டும் எந்தச் சட்டக் கோடுகள் தெரிய வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறது. 28–90, 35–135, 50–75 மி.மீ. என மூன்று வகைகள் கிடைக்கும். உங்கள் லென்ஸின் குவியத் தொலைவுக்கு உரியதை வாங்குங்கள்.

கேள்வி: 21 மி.மீ. சூப்பர்-ஆங்குலான் லென்ஸை லைக்கா எம்9 கேமராவில் பயன்படுத்தினால் படத்தின் ஓரங்கள் ஊதாச் சிவப்பாகின்றன. இதற்குத் தீர்வு உண்டா?

பதில்: அந்த லென்ஸின் பின்பக்கக் கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் வந்து நிற்பதால், ஓரங்களில் ஒளி மிகவும் சாய்வாக விழுகிறது. ஃபிலிமுக்கு அந்தச் சாய்வு பெரிய பொருட்டில்லை. சென்சாரிலோ ஒவ்வொரு பிக்சலும் நுண்ணிய குழியின் அடியில் இருப்பது போன்றது. சாய்ந்து வரும் ஒளியில் ஒரு பகுதி நிற வடிகட்டியின் ஓரத்திலேயே தடைப்பட, இன்னொரு பகுதி பக்கத்துப் பிக்சலுக்குள் கசிந்துவிடுகிறது. ஓரங்கள் இருள்வதும் நிறம் திரிவதும் இதன் விளைவுதான்.

கேமராவின் மெனுவில் லென்ஸ் பெயரைக் கையால் தேர்ந்தெடுக்கும் வசதி எம்9இல் உண்டு, 21 மி.மீ. லென்ஸ்களுக்கு உரிய தேர்வுகளை மாற்றி மாற்றிப் பாருங்கள், ஓரளவு குறையும். முழுமையாகப் போக்க வேண்டுமானால், வெள்ளை அக்ரிலிக் தகட்டை லென்ஸின் முன் பிடித்து, அதே துளை அளவில் ஒரு சமவெளிச்சப் படம் எடுத்துக்கொண்டு, ஃபிளாட் ஃபீல்ட் திருத்தம் உள்ள மென்பொருளில் அதை முன்மாதிரியாகக் கொடுக்க வேண்டும். பிற்காலத்தில் வந்த, பின்புற ஒளியூட்டு வகை சென்சார் கொண்ட எம்11 போன்ற கேமராக்களில் இந்தத் தொல்லை வெகுவாகத் தணிந்திருக்கிறது. கறுப்பு வெள்ளையில் மனம் நிறைபவர் என்றால் 2012இல் வந்த எம் மோனோக்ரோமை எண்ணிப் பாருங்கள். அதன் சென்சாரில் நிற வடிகட்டியே இல்லை என்பதால் நிறத் திரிபுக்கு இடமில்லை. ஓர இருள் மட்டும் எஞ்சும். அந்த லென்ஸுக்கு அது அழகாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: பழைய லென்ஸ் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: துளையை முழுதாகத் திறந்து, ஒரு சிறு டார்ச்சைப் பின்புறமிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. கண்ணாடி முழுவதும் பனி படர்ந்தாற்போல் இருந்தால் உள்ளே ஆவியாகிப் படிந்த எண்ணெய். பனிப்படலம் புதியதாக இருந்தால் பெரும்பாலும் துடைத்து எடுத்துவிடலாம், கண்ணாடியையே அரித்துவிட்டால் முடியாது. கேனானின் திருகு மவுண்ட் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் மிக நல்லது, லைக்காவின் அளவுகோலுக்கே செய்யப்பட்டது. ஆனால் துளைத் தகடுகளை அடுத்த கண்ணாடியில் இந்த அரிப்பு அதில் அடிக்கடி காணப்படுகிறது. லைக்காவின் சம்மிட்டார், மடக்கும் வகை சம்மிக்ரான் ஆகிய லென்ஸ்களின் முன்கண்ணாடி மென்மையானது. பல ஆண்டுகள் கைக்குட்டையால் துடைக்கப்பட்ட தடயங்கள் நுண்கீறல்களாக அதில் தெரியும். தூசித் துகள்களையும் துளைத் தகடுகளில் உள்ள சிறு எண்ணெய்க் கறையையும் பொருட்படுத்த வேண்டாம். முன்புறத்தில் ஒற்றைக் கீறல் இருக்கிறது என்று விலையைக் குறைத்துத் தந்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள். பக்க ஒளியைத் தடுக்கும் ஹூட் ஒன்றை மாட்டினால் படத்தில் அது தெரியவே தெரியாது.

கேள்வி: மடக்கும் லென்ஸைக் கேமராவில் மாட்டியபடியே மடக்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே வரும் குழல் எம்8, எம்9 போன்றவற்றின் உட்பாகங்களில் இடிக்கக்கூடும் என்பதால் லைக்காவின் கையேடே இதைத் தடுக்கிறது.

கேள்வி: எஃப் 2இல் எடுத்த படத்தின் தகவலில் எஃப் 2.8 என்றும் சில சமயம் எஃப் 4 என்றும் பதிவாகிறது. கேமராவில் பழுதா?

பதில்: பழுதில்லை. எம் லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே துளை அளவைத் தெரிவிக்கும் இணைப்பு எதுவும் கிடையாது. கேமராவின் முன்பக்கத்தில் உள்ள சிறு ஒளியுணரி வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அளக்கிறது. லென்ஸ் வழியே உள்ளே வந்த வெளிச்சத்தோடு அதை ஒப்பிட்டுக் கேமரா ஒரு துளை அளவை ஊகித்து எழுதுகிறது. விரல் அந்த உணரியை மறைத்திருந்தாலும், படச்சட்டத்துக்கு வெளியே விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தாலும் ஊகம் தவறிப்போகும். ஷட்டர் வேகத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் வழியே வரும் வெளிச்சம் மட்டுமே என்பதால் வெளிச்ச அளவீட்டில் இதனால் பிழை நேராது. சரியான எண் வேண்டுமென்றால் கையோடு குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.