கணினிக் கேள்வி பதில்: மையக் கணினியில் மடல் படிக்க

கேள்வி: நாகர்கோவிலுக்கு அருகே ஒரு கல்லூரி நூலகத்தில் பணியாற்றுகிறேன். பேச்சிப்பாறைப் பக்கம் உள்ள எங்கள் வீட்டில் இணைய வேகம் மிகக் குறைவு. ஆகவே தொலைவிலுள்ள கணினியில் நுழைய உதவும் புட்டி (PuTTY) நிரல் வழியாகக் கல்லூரியின் லினக்ஸ் மையக் கணினியில் நுழைந்து, எழுத்துத் திரையிலேயே மடல் காட்டும் ஆல்பைன் (Alpine) நிரலில் மின்னஞ்சல் படிக்க முயன்றேன். உள்பெட்டியில் வெளியிலிருந்து வந்த மடல் ஒன்றுகூட இல்லை. அந்தக் கணினிக்குள்ளேயே எனக்கு வந்த ஒரு தமிழ் மடலோ முழுதும் கேள்விக்குறிகளாகத் தெரிகிறது. என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, குலசேகரம்

பதில்: உங்கள் மடல்கள் எங்கும் போய்விடவில்லை. புட்டியில் நீங்கள் காண்பது வெறும் சாளரம். ஆல்பைன் ஓடுவது முழுக்க முழுக்கக் கல்லூரிக் கணினியில்தான். வேறு எதுவும் சொல்லாதவரை அது அந்தக் கணினியிலேயே உங்கள் பெயரில் உள்ள அஞ்சல் கோப்பைத் திறக்கிறது. உங்கள் கடிதங்கள் இருப்பதோ வேறொரு அஞ்சல் சேவையகத்தில்.

முதன்மைப் பட்டியலில் எஸ் விசையையும் அடுத்துச் சி விசையையும் அழுத்தினால் அமைப்புத் திரை வரும். அதில் 'இன்பாக்ஸ் பாத்' என்ற வரியில், சேவையகத்தின் பெயர், முக்காற்புள்ளி, 993 என்ற எண், சாய்கோடு, எஸ்எஸ்எல் என்ற சொல், மீண்டும் சாய்கோடு, யூசர் என்ற சொல், சமக்குறி, உங்கள் முழு முகவரி ஆகியவற்றை இடைவெளியின்றி எழுதுங்கள். இந்த 993, சேவையகத்தில் உள்ள மடல்களைப் படிக்க உதவும் ஐமேப் (IMAP) நெறிமுறையின் மறைகுறியாக்கப்பட்ட வாயில் (போர்ட்). 1986இல் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்த ஐமேப், மடல்களைச் சேவையகத்திலேயே வைத்திருப்பதால், நூலகத்தில் படித்த கடிதம் வீட்டிலும் படித்ததாகவே தெரியும். இரண்டு இடங்களில் இருந்து பார்க்கும் உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. மடல் அனுப்புவதற்கு 'எஸ்எம்டிபி சர்வர்' வரியைத் தனியாக நிரப்ப வேண்டும். அங்கு 587 என்ற எண்ணும் டிஎல்எஸ் என்ற சொல்லும் வரும். பெறுவது வேலை செய்து அனுப்புவது மட்டும் மறுக்கப்பட்டால் பெரும்பாலும் இந்த வரிதான் காரணம்.

உங்கள் கணக்கு ஜிமெயில் என்றால், வழக்கமான கடவுச்சொல்லை அது ஏற்காது. 2022 மே மாத இறுதியில் கூகுள் அந்த வழியை மூடத் தொடங்கியது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, ஆல்பைன் போன்ற நிரல்களுக்கென்று கூகுள் தரும் 16 எழுத்துகள் கொண்ட செயலிக் கடவுச்சொல்லைப் பெற்றுக்கொள்ளுங்கள். பலர் பகிர்ந்துகொள்ளும் கணினி என்பதால் அதைக் கோப்பில் எழுதி வைக்காமல் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இனிக் கேள்விக்குறிகள். மடலில் தமிழ் பத்திரமாக இருக்கிறது. கண்ணுக்கு வரும் வழியில் உடைகிறது. மையக் கணினியில், மொழியையும் எழுத்து முறையையும் நிரல்களுக்குச் சொல்லும் லேங் (LANG) என்ற சூழல் மாறி அமைக்கப்படாமல் இருந்தால், ஆல்பைன் உங்கள் திரைக்கு ஆங்கில எழுத்துகள் மட்டுமே தெரியும் என்று கருதி மற்றவற்றுக்குப் பதிலாகக் கேள்விக்குறி இடும். அந்த மாறிக்கு, எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கவல்ல யூடிஎஃப்-8 (UTF-8) மதிப்பைக் கொடுங்கள். புட்டியிலும் 'விண்டோ' பிரிவின் 'டிரான்ஸ்லேஷன்' பக்கத்தில் யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை. அதன் பிறகும் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் விலகித் தெரியலாம். முனையம், அதாவது புட்டியின் எழுத்துத் திரை, எழுத்துகளைச் சம அளவுக் கட்டங்களில் அடுக்குவதால் வரும் குறை அது. முழுதாகத் தீர்க்க வழியில்லை. நீண்ட தமிழ்க் கடிதமானால், மடலைத் திறந்து ஈ விசையால் கோப்பாகச் சேமித்து, உங்கள் கணினிக்கு எடுத்து வந்து படிப்பதே கண்ணுக்கு நல்லது.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆல்பைனைத் திறக்கும் முன் டீமக்ஸ் (tmux) நிரலைத் தொடங்கி, அதற்குள் ஆல்பைனை இயக்குங்கள். மின்சாரம் போய் இணைப்பு அறுந்தாலும் பாதி எழுதிய கடிதம் மையக் கணினியில் அப்படியே நிற்கும்; திரும்ப நுழைந்து 'டீமக்ஸ் அட்டாச்' என்று கொடுத்தால் விட்ட வரியிலிருந்தே தொடரலாம்.