சுரங்க டம்பரின் பிரேக்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில், விட்பேங்க் பக்கத்துத் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களில் டம்பர்கள் என்னும் ராட்சத லாரிகளின் பிரேக்கையும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக்கையும் பார்த்தே வேலைக்காலம் முழுவதும் இருந்தவன் நான். இப்போது டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். கேள்விகள் அனுப்பச் சொன்னேன், நிறைய வந்துவிட்டன. காரில் ஏபிஎஸ் விளக்கு ஏன் எரிகிறது என்று கேட்டவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதற்கு நான் ஆள் இல்லை. அப்புறம், இங்கே எதைப் படித்துவிட்டு எந்த வண்டிக்கு அடியில் போனாலும் முதலில் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள்.

கேள்வி (பீனிக்ஸ், தொழில் பழகும் தம்பி): அண்ணா, 290 டன் ஏற்றிய வண்டியை ஒருவருடைய கால் எப்படி நிறுத்துகிறது?

பதில்: கால் நிறுத்துவதில்லை தம்பி. கால் ஒரு வால்வைத் திறக்கிறது, அவ்வளவுதான்.

காரிலிருந்து தொடங்குவோம். மூடிய குழாய்க்குள் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லா இடத்திலும் அதே அளவில் இருக்கும். இது பாஸ்கல் விதி. ஒரு சதுர செ.மீ. பிஸ்டனை 10 கிலோ விசையால் தள்ளினால், மறுமுனையில் இருக்கும் 20 சதுர செ.மீ. பிஸ்டன் 200 கிலோ விசையால் தள்ளும். ஆனால் விசை இருபது மடங்கு ஆனால் நகரும் தூரம் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். காருக்கு இது போதும். டம்பருக்கு இதே கணக்கைப் போட்டால் பெடலை மீட்டர் கணக்கில் மிதிக்க வேண்டியிருக்கும்.

அதனால் டம்பரில் எஞ்சின் ஓட்டும் பம்ப் ஒன்று எண்ணெயை அழுத்தி அக்யுமுலேட்டர்களில் சேர்த்து வைக்கிறது. அக்யுமுலேட்டர் என்பது கெட்டியான ஓர் உருளை. ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் எண்ணெய். எண்ணெய் உள்ளே வர வர நைட்ரஜன் சுருங்கி, திருப்பித் தள்ளத் தயாராக இருக்கும். ஓட்டுநர் பெடலை எவ்வளவு மிதிக்கிறாரோ அதற்கேற்ற அழுத்தத்தை பிரேக் வால்வு சக்கரங்களுக்கு அனுப்புகிறது. முன்சக்கரங்களுக்கு ஒரு சுற்று, பின்சக்கரங்களுக்கு ஒரு சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தாலும் மற்றது பிடிக்கும். எஞ்சின் நின்றுபோனாலும் அக்யுமுலேட்டரில் சேர்ந்திருப்பது சில முறை பிரேக் பிடிக்கப் போதும். ஆனால் 'சில முறை'தான். பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து அதை வீணாக்கக் கூடாது. ஒரே மிதி, நிற்கும்வரை பிடி.

சக்கரத்துக்குள் இருப்பது கார்களில் பார்க்கும் ஒற்றை டிஸ்க் அல்ல. பல தட்டுகள் அடுக்காக இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று சக்கரத்தோடு சுழலும், இடையில் இருப்பவை கூட்டோடு பிணைந்து நிற்கும். பிஸ்டன் இந்த அடுக்கை நெருக்கும்போது உராய்வு உண்டாகிறது. இவை எண்ணெயில் மூழ்கி இருக்கும், அந்த எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் முக்கிய வேலை சூட்டை அள்ளிக்கொண்டு போவது.

சூடு என்று சாதாரணமாகச் சொல்கிறேன், கணக்கைப் பாருங்கள். மொத்தம் 500 டன் எடையுள்ள வண்டி, 100 மீட்டருக்கு 10 மீட்டர் இறங்கும் சரிவில், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறது. டயர் உருள்வதில் கொஞ்சம் சக்தி கழிந்தாலும், வேகம் ஏறாமல் பிடித்து வைக்க 2,000 கிலோவாட்டுக்கு மேல் வெப்பமாக வெளியேறியாக வேண்டும். ஆயிரம் மின்கெண்டிகள் ஒரே நேரத்தில் கொதிப்பதற்குச் சமம். வேகத்தை 40 ஆக்கினால் அதுவும் இரட்டிப்பாகும். டம்பர் பிரேக்கைப் பற்றிப் பேசுவது என்றால் முக்கால்வாசி இந்த வெப்பத்தைப் பற்றிப் பேசுவதுதான்.

அதனால்தான் கியர்பெட்டி வைத்த வண்டியில் இறங்கும்போது கீழ் கியரில், எஞ்சின் சுழற்சி கூடுதலாக இருக்க ஓட்டச் சொல்கிறோம். எஞ்சின் வேகமாகச் சுழன்றால் எண்ணெய் பம்பும் வேகமாகச் சுழலும், பிரேக்குக்குக் குளிர்ந்த எண்ணெய் அதிகம் போகும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர் இரண்டு பாதுகாப்பையும் ஒன்றாக விட்டுவிடுகிறார். எஞ்சின் பிடிக்காது, பிரேக்கும் குளிராது.

கேள்வி (கத்தூ, பொறியாளர்): எங்கள் பக்கம் டீசல்-எலக்ட்ரிக் டம்பர்கள்தான் அதிகம். சக்கர மோட்டாரே வேகத்தைப் பிடிக்கிறது. ஹைட்ராலிக் பிரேக் எதற்கு?

பதில்: நல்ல கேள்வி அம்மா. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறுகிறது. அதில் உண்டாகும் மின்சாரம் ரெசிஸ்டர் கிரிட்டில் வெப்பமாகிறது, விசிறி அதைக் காற்றில் ஊதித் தள்ளுகிறது. உராய்வு இல்லை, தேய்மானம் இல்லை. 290 டன் ஏற்றும் கோமாட்சு 930இ போன்ற வண்டிகளில் பெரும்பாலான நேரம் வேகத்தைக் கட்டுப்படுத்துவது இதுதான். ஆனால் வேகம் மிகக் குறைந்த பிறகு மோட்டார் வண்டியை முழுதாக நிறுத்திப் பிடித்து வைக்காது, அங்கே ஹைட்ராலிக் வேண்டும். கிரிட்டோ கன்ட்ரோலோ பழுதானாலும் ஹைட்ராலிக்தான் கதி. 2022-ல் மொகலக்வேனா பிளாட்டினம் சுரங்கத்தில் ஹைட்ரஜனில் ஓடும் டம்பரைக் காட்டினார்களே, அது இறங்கும்போது கிடைக்கும் சக்தியை பேட்டரிக்கே திருப்புகிறது. வீணாய்ப் போகும் வெப்பத்தைப் பார்த்தே பழகிய எனக்கு அது பெரிய சந்தோஷம்.

கேள்வி (விட்பேங்க்): பார்க்கிங் பிரேக்குக்கும் எண்ணெய் அழுத்தம்தானே? ராத்திரி முழுக்க நிறுத்தினால் அழுத்தம் இறங்கி வண்டி உருளாதா?

பதில்: உருளாது. பார்க்கிங் பிரேக்கைப் போடுவது ஸ்பிரிங், விடுவிப்பதுதான் எண்ணெய். அழுத்தம் போனால் ஸ்பிரிங் இறுக்கிப் பிடிக்கும். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எஞ்சின் செத்த வண்டியை இழுக்க வேண்டுமென்றால், வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்து பிரேக்கை விடுவிக்க வேண்டும். விடுவித்த நொடியில் அந்த வண்டியில் பிரேக்கே கிடையாது. இழுக்கும் வண்டியைப் பூட்டி முடிக்கும் முன் இதைச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டை போடுங்கள், நான்கு பக்கமும்.

கேள்வி (லெனேசியா): டம்பரில் டாட் 4 ஊற்றலாமா?

பதில்: கூடாது. டாட் 3, டாட் 4 என்ற கார் பிரேக் திரவங்கள் எல்லாம் கிளைக்கால் வகை. எண்ணெய் கசியாமல் அடைக்கும் டம்பரின் ஹைட்ராலிக் சீல்கள் கனிம எண்ணெய்க்குச் செய்தவை. இரண்டும் கலந்தால் சீல் கெட்டுப்போகும். கையேட்டில் சொன்ன எண்ணெய் மட்டும்.

கேள்வி (டோங்காட்): அவசரத்துக்குக் கொஞ்சமாக டாட் 4?

பதில்: கொஞ்சமும் கூடாது. மேலே பாருங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்): என்-3 சாலையில் டர்பனுக்கும் ஜோபர்க்குக்கும் நடுவே வருடக்கணக்கில் ஓட்டியவன் நான். காற்று பிரேக்குக்கு எதுவும் ஈடாகாது. எண்ணெய் கசிந்தால் கதை முடிந்தது. காற்று கசிந்தால் கம்ப்ரெஸர் நிரப்பிவிடும். நீங்கள் ஹைட்ராலிக்கை ரொம்பத் தூக்கிப் பேசுகிறீர்கள்.

பதில்: ஐயா, சாலை லாரிக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. டிரெய்லரைக் கழற்றி மாட்டும் இடத்தில் காற்றுக்குழாய்தான் சௌகரியம், எண்ணெய்க் குழாயானால் ஒவ்வொரு முறையும் சிந்தும், உள்ளே காற்று புகுந்து பெடல் தொளதொளவென்று போகும். சுரங்கத்திலும் முன்பு காற்றால் தள்ளி எண்ணெயால் பிடிக்கிற கலப்பு முறைதான் இருந்தது. அது குறைந்ததற்குக் காரணம் உண்டு. காற்று பிரேக் 8 பார் அளவில் வேலை செய்கிறது, டம்பரின் ஹைட்ராலிக் 100 பாருக்கு மேல். அதே விசைக்குக் காற்றில் மிகப் பெரிய சேம்பர், அதாவது காற்று நிரம்பி பிரேக்கைத் தள்ளும் கலம், வேண்டும். காற்று சுருங்குவதால் பிடிக்கத் தாமதமும் ஆகும். ஹைவெல்ட் மேட்டுநிலத்துக் குளிர்காலக் காலையில் காற்றுக்குழாயில் தண்ணீர் உறைந்தால் என்ன பாடு என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி (பைன்டவுன்): 2013 செப்டம்பரில் ஃபீல்ட்ஸ் ஹில் அடிவாரத்தில் லாரி மோதி 24 பேர் இறந்தார்கள். அந்த லாரியில் ஹைட்ராலிக் இருந்திருந்தால் தப்பியிருப்பார்களா?

பதில்: அந்த வழக்கைப் பற்றி நான் பேச மாட்டேன். நம் ஊர் மக்கள் இன்னும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள். பொதுவாக, நீண்ட இறக்கத்தில் டிரம் பிரேக்கை விடாமல் பிடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன். டிரம் சூடேறி விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகும். சேம்பரின் தண்டு இன்னும் நீள வேண்டியிருக்கும், ஒரு கட்டத்தில் அது எல்லையைத் தொட்டுவிடும். ஷூ மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங்கின் பிடிப்பும் சூட்டில் குறையும். டாங்கில் காற்று நிறைய இருக்கும், மீட்டர் சரியாகக் காட்டும், வண்டி மட்டும் நிற்காது. அந்த டிரம்மை எண்ணெயால் தள்ளினாலும் அதேதான் நடக்கும். வேறுபாடு காற்றா எண்ணெயா என்பதில் இல்லை, சூட்டை வெளியே அனுப்ப வழி இருக்கிறதா என்பதில்தான்.

கேள்வி (அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா): அப்படியானால் பிரேக்கை விடாமல் பிடித்த ஓட்டுநர் மேல்தான் தப்பு என்கிறீர்களா? எப்போதும் பழி எங்கள் தலையில்தான்.

பதில்: இல்லை ஐயா, அப்படிச் சொல்லவே மாட்டேன். பிரேக் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பார்க்காமல் வண்டியை அனுப்புகிற முதலாளி, நேரத்துக்கு வராவிட்டால் சம்பளம் பிடிப்பேன் என்கிற மேனேஜர், அளவுக்கு மீறி ஏற்றுகிறவர், எல்லாரும் அந்த இறக்கத்தில் ஓட்டுநரோடு கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். ஓட்டுநர் கையில் மிச்சம் இருப்பது ஒன்றுதான். வான் ரீனன் கணவாயோ டவுன் ஹில்லோ, சரிவு தொடங்குவதற்கு முன்பே கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். பாதி இறக்கத்தில் கியர் மாற்றப் போனால் கியர் விழாமலே போகலாம்.

கேள்வி (வெருலம்): எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் எந்த கியரில் இறங்கினாலும் பரவாயில்லைதானே?

பதில்: பரவாயில்லை இல்லை. எக்ஸாஸ்ட் பிரேக் புகைக்குழாயை அடைத்து எஞ்சினையே பிடிக்க வைப்பது. எஞ்சின் சுழற்சி குறைந்தால் அதன் பிடியும் குறையும். சாலை லாரிப் பேச்சை இதோடு முடிக்கிறேன், சுரங்கக் கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி (மிடில்பர்க்): அக்யுமுலேட்டரில் நைட்ரஜன் குறைந்துவிட்டது. வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்திலேயே இருக்கிறது, அதை ஏற்றலாமா?

பதில்: வேண்டாம், வேண்டவே வேண்டாம். அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். சாதாரணக் காற்றும் கூடாது. உலர்ந்த நைட்ரஜன் மட்டும், அதுவும் எண்ணெய்ப் பக்கத்து அழுத்தத்தை முழுக்க இறக்கிய பிறகு. எஞ்சினை அணைத்துவிட்டால் அழுத்தம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கேஜில் பூஜ்யம் பார்த்த பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். கட்டை?

கேள்வி (விட்பேங்க், உதவியாள்): ஹோஸில் எங்கே கசிகிறது என்று தெரியவில்லை. கையால் தடவிப் பார்க்கலாமா?

பதில்: கையை எடு தம்பி! ஊசித்துளையில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டைத்துண்டை நீட்டிப் பார். யாருக்காவது பட்டுவிட்டால் 'நாளை பார்க்கலாம்' என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரி, 'ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது' என்று சொல்லியே சேர்க்க வேண்டும்.

கேள்வி (ஐசிபிங்கோ): என் பக்கியில் (சின்ன பிக்கப் வண்டி) பிரேக் பெடல் உள்ளே போகிறது...

பதில்: ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

கேள்வி (ஸ்டாங்கர்): ஹைட்ராலிக்கில் டாட் 5?

பதில்: இல்லை.

கேள்வி (எர்மெலோ, டம்பர் ஓட்டுநர்): ஷிஃப்ட் தொடங்கும்போது பார்க்கிங் பிரேக் சோதனையில் வண்டி நகர்ந்தது. ஃபோர்மேன் 'மதியம் பார்க்கலாம், இப்போது ஓட்டு' என்கிறார். என்ன செய்வது?

பதில்: சோதனையைச் சரியாகச் செய்தீர்களா என்பதை முதலில் பாருங்கள். சமதளம், முன்னும் பின்னும் ஆள் இல்லை, பிரேக் எண்ணெய் வழக்கமான சூட்டில் இருக்கிறது, கையேட்டில் சொன்ன கியர், சொன்ன சுழற்சி. இவ்வளவும் சரியாக இருந்தும் வண்டி நகர்ந்தால் தட்டுகள் தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது விடுவிக்கும் அழுத்தம் முழுதாக இறங்காமல் சிக்கியிருக்கலாம். எதுவானாலும் மதியம்வரை தாங்காது. செக்லிஸ்டில் நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் பாதுகாப்புப் பிரதிநிதியைக் கூப்பிடுங்கள். 1996-ம் ஆண்டின் சுரங்கச் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தில் 23-ம் பிரிவு இருக்கிறது. ஆபத்து என்று நியாயமாகத் தோன்றும் பணியிடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு அது உரிமை தருகிறது. அந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லி, மரியாதையாக, 'இந்த வண்டியை ஓட்ட மாட்டேன், வேறு வேலை கொடுங்கள்' என்று சொல்லுங்கள்.